மனிதர் இன்னொரு விண்மீனுக்குச் செல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானம் பார்க்கும் கூட்டங்களில் தொலைநோக்கியருகே வரிசையில் நிற்பவர்கள், சனியின் வளையத்தைப் பார்த்து முடித்ததும் பெரும்பாலும் ஒரே பேச்சுக்கு வந்து சேர்கிறார்கள். பள்ளி மாணவர்களும் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் கேட்கும் ஐயங்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியைக் கூடியவரை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நிலாவுக்கும் செவ்வாய்க்கும் செல்வது வேறு கணக்கு. அது இங்கே பேசப்படவில்லை. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டியிருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நிலாவுக்கே போய் வந்தாயிற்று. பக்கத்து நட்சத்திரத்துக்குப் போவதில் அப்படி என்ன சிக்கல்?

சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதன் தொலைவு 4.24 ஒளியாண்டுகள், அதாவது ஏறக்குறைய 40 லட்சம் கோடி கி.மீ. நிலாவின் தொலைவு சராசரியாக 3.84 லட்சம் கி.மீ. மட்டுமே. நிலாவிலிருந்து கிளம்பும் ஒளி 1.3 நொடியில் நம்மை அடைகிறது. பிராக்சிமாவிலிருந்து கிளம்பும் ஒளிக்கு நான்கேகால் ஆண்டு தேவைப்படுகிறது. இரண்டு தொலைவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பத்துக் கோடி மடங்கு என்பதால், முதலாவதைச் சாதித்தவர்கள் இரண்டாவதையும் சாதிப்பார்கள் என்ற வாதத்துக்கு இங்கே பெரிய மதிப்பில்லை.

பிராக்சிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் பெரிய தோழனான ஆல்ஃபா சென்டாரி மே, ஜூன் மாத முன்னிரவுகளில் தமிழ்நாட்டிலிருந்தும் தெரியும். கன்னியாகுமரியில் தெற்கு அடிவானத்துக்கு மேலே 20 பாகை உயரம் வரை எழும். பேசப்படும் இடம் எது என்று பார்க்க விரும்புபவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

2. வாயேஜர் சூரியக் குடும்பத்தையே தாண்டிவிட்டதாகச் செய்தி வந்ததே. அதே வேகத்தில் போனால் எத்தனை வருடம் ஆகும்?

1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1, சூரியக் காற்றின் ஆதிக்கம் முடியும் எல்லையை 2012 ஆகஸ்டில் கடந்தது. சூரியனின் ஈர்ப்பு ஆதிக்கம் அதற்கப்பாலும் வெகுதூரம் நீள்கிறது. வால்மீன்களின் இருப்பிடமாகக் கருதப்படும் ஊர்ட் மேகத்தின் உள்விளிம்பை அடையவே அந்தக் கலத்துக்கு இன்னும் ஏறக்குறைய 300 ஆண்டுகள் பிடிக்கும்.

அதன் வேகம் நொடிக்கு 17 கி.மீ. பிராக்சிமாவை நோக்கி அது செல்லவில்லை. சென்றிருந்தால் 75,000 ஆண்டுகள் ஆகியிருக்கும். அரை நூற்றாண்டுக் காலம் ஓடியும், ஏறக்குறைய ஒளி ஒரே நாளில் கடக்கும் தூரத்தைத்தான் அது எட்டியிருக்கிறது.

3. பார்க்கர் விண்கலம் நொடிக்கு 192 கி.மீ. வேகத்தில் போகிறதாமே? அதைத் திருப்பி விட்டால் என்ன?

சூரியனை ஆராய நாசா அனுப்பிய பார்க்கர், 2024 டிசம்பர் 24 அன்று அந்த வேகத்தை எட்டியது உண்மை. ஆனால் அது சூரியனை நோக்கி விழுந்ததால் கிடைத்த வேகம். சூரியனை விட்டு விலகும்போது அதே ஈர்ப்பு அந்த வேகத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. வியாழன் போன்ற கோள்களின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வேகம் கூட்டும் உத்திக்கும் எல்லை உண்டு. நொடிக்குச் சில பத்து கி.மீ. அளவில் அது நின்றுவிடும். ஒரு பேச்சுக்கு 192 கி.மீ. வேகத்தையே முழுப் பயணத்துக்கும் வைத்துக்கொண்டாலும் பிராக்சிமாவை அடைய 6,600 ஆண்டுகள் தேவை.

4. பெரிய ராக்கெட்டாகக் கட்டி, எரிபொருளை நிறைய நிரப்பிக்கொண்டால் போதாதா?

போதாது. ராக்கெட் தன் எரிபொருளையும் சுமந்துகொண்டே வேகமெடுக்க வேண்டும் என்பதே காரணம். ரஷ்யாவின் சியால்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, புறப்படும் எடைக்கும் எஞ்சும் எடைக்கும் உள்ள விகிதம், நாம் அடைய விரும்பும் வேகத்தைப் புகையின் வெளியேற்ற வேகத்தால் வகுத்துவரும் எண்ணைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில், அதாவது மடங்கு மேல் மடங்காக, ஏறுகிறது. நம்மிடமுள்ள மிகச் சிறந்த வேதி எரிபொருள்களில் ஒன்றான திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன் இணையின் வெளியேற்ற வேகம் நொடிக்கு 4.5 கி.மீ. அளவில்தான் உள்ளது.

இந்த எண்களை வைத்து ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் எட்டக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ சரக்குக்குத் தேவைப்படும் எரிபொருளின் எடை, 1 என்ற எண்ணுக்குப் பின் 289 சுழியங்கள் போட்ட கிலோ என்று விடை வரும். நாம் காணக்கூடிய பேரண்டத்தில் உள்ள மொத்த அணுக்களின் எண்ணிக்கைக்கே 80 சுழியங்கள் போதும் என்று மதிப்பிடுகிறார்கள். வேதி ராக்கெட்டின் கதை இத்துடன் முடிந்தது. இனி வரும் விடைகளில் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது நொடிக்கு 30,000 கி.மீ. என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அந்த வேகத்தில் பிராக்சிமா 42 ஆண்டுத் தொலைவில் இருக்கும். புறப்பட்டவர்களே போய்ச் சேர ஓரளவு வாய்ப்புள்ள குறைந்தபட்ச வேகம் அதுதான்.

5. சரி, அணுசக்தியில் ஓட்டலாமே? எதிர்ப்பொருள் என்றும் சொல்கிறார்களே?

அணுசக்தியை இயற்பியல் தடுக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கிய ஓரியன் திட்டம், கலத்தின் பின்னால் அணுகுண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து, அந்த அதிர்ச்சியை ஒரு தடித்த தட்டில் வாங்கி முன்னேறும் யோசனையை ஆராய்ந்தது. டெட் டெய்லரும் ஃப்ரீமன் டைசனும் அதில் பணியாற்றினர். வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுவெடிப்பைத் தடைசெய்த 1963 உடன்படிக்கைக்குப் பின் அந்தத் திட்டம் நீடிக்கவில்லை.

இதைவிட விரிவாகக் கணக்கிட்டது பிரிட்டிஷ் கோளிடைக் கழகம் 1973 முதல் 1978 வரை வரைந்த டேடலஸ் திட்டம். 5.9 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பர்னார்டு விண்மீனுக்கு, ஒளிவேகத்தில் 12 விழுக்காட்டு வேகத்தில், ஏறக்குறைய 50 ஆண்டுகளில் செல்லும் அணுக்கரு இணைவுக் கலம் அது. மொத்த எடையான 54,000 டன்னில் 50,000 டன் எரிபொருள். அந்த எரிபொருளில் சேரும் ஹீலியம்-3 பூமியில் மிக அரிது என்பதால், வியாழனின் வளிமண்டலத்திலிருந்து அதை எடுத்துவர வேண்டும் என்றும் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். இவ்வளவும் ஆளில்லாத, நிற்காமல் கடந்துபோகும் ஒரு கலத்துக்காக. காகிதத்தில் நேர்மையாகப் போடப்பட்ட கணக்கு என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு.

எதிர்ப்பொருள் என்பது சாதாரணப் பொருளைத் தொட்டதும் இரண்டும் அழிந்து ஆற்றலாக மாறும் ஒன்று. அதன் ஆற்றல் ஒப்பற்றது, கையிருப்புதான் இல்லை. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் இதுவரை உருவாக்கிய எதிர்ப்பொருள் முழுவதையும் திரட்டி எரித்தாலும் ஒரு மின்விளக்கு சில நிமிடங்களே எரியும் என்று அந்த ஆய்வகமே சொல்கிறது.

6. எவ்வளவு சக்தி தேவை என்று எங்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள்.

மின்கட்டண யூனிட்டிலேயே சொல்லலாம். ஒரு கிலோ எடையை நொடிக்கு 30,000 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர 12.5 கோடி யூனிட் ஆற்றல் தேவை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவாகும் வீடுகளாக எடுத்துக்கொண்டால், இது ஏறக்குறைய 42,000 வீடுகளின் ஓராண்டு மின்சாரம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் எடை ஏறத்தாழ 420 டன். அந்த எடையை அதே வேகத்துக்குத் தள்ள 52 லட்சம் கோடி யூனிட்டுக்கு மேல் வேண்டும். உலகம் முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரம் ஏறத்தாழ 30 லட்சம் கோடி யூனிட் என்பதால், ஒன்றேமுக்கால் ஆண்டு உலக மின்சாரத்தை ஒரு துளியும் வீணாக்காமல் ஒரே கலத்தில் செலுத்துவதற்கு இது சமம். நடைமுறையில் எந்த இயந்திரமும் வீணாக்காமல் இயங்குவதில்லை. அடுத்து வரும் ஒவ்வொரு சிக்கலுக்கும் சொல்லப்படும் தீர்வு கலத்தின் எடையைக் கூட்டுகிறது. கூடும் ஒவ்வொரு கிலோவும் இந்த 12.5 கோடி யூனிட்டைக் கேட்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே மற்ற விடைகளைப் படிக்க வேண்டுகிறேன்.

7. லேசரால் தள்ளும் திட்டம் ஒன்று உண்டே. அதில் எரிபொருளே வேண்டாமாமே?

2016 ஏப்ரலில் தொழிலதிபர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் அறிவித்த பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட்டைக் குறிப்பிடுகிறீர்கள். சில கிராம் எடையுள்ள கருவியை ஒரு மெல்லிய பாயில் பொருத்தி, பூமியிலிருந்து 100 ஜிகாவாட் அளவிலான லேசர் ஒளியால் சில நிமிடங்கள் தள்ளி, ஒளிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டச் செய்வது அதன் நோக்கம். இந்தியா 2024 மே மாதத்தில் எட்டிய உச்ச மின்தேவையே 250 ஜிகாவாட்தான். எரிபொருளைச் சுமக்க வேண்டாம் என்பதால் 4ஆம் விடையில் சொன்ன சிக்கல் அங்கே எழாது, யோசனை அழகானது. ஆனால் கிராமிலிருந்து ஆயிரம் டன்னுக்குப் போகும்போது எடை நூறு கோடி மடங்காகிறது. மனிதரை ஏற்றிச் செல்லும் திட்டமாக அதை யாரும் முன்வைக்கவில்லை.

8. போய்ச் சேர்ந்ததும் எப்படி நிற்பது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி இது. வெற்றிடத்தில் உராய்வு இல்லாததால், எடுத்த வேகத்தை முழுவதும் எதிர்த்திசையில் செலவழித்தே குறைக்க வேண்டும். நியூ ஹொரைசன்ஸ் கலம் ஒன்பதரை ஆண்டுகள் பயணம் செய்து 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை அடைந்தபோது நிற்க வழியின்றிக் கடந்துபோயிற்று. அதன் வேகம் நொடிக்கு 14 கி.மீ. மட்டுமே.

ராக்கெட் முறையில் நிற்பதானால், வேகமெடுக்கத் தேவையான எடை விகிதத்தை அதே எண்ணால் மீண்டும் பெருக்க வேண்டும். வேகமெடுக்க மட்டும் புறப்பாட்டு எடை பத்து மடங்காக இருக்க வேண்டும் என்றால், நிற்பதையும் சேர்த்து நூறு மடங்காக வேண்டும். விண்மீனிடை வெளியில் உள்ள மின்னூட்டத் துகள்களைக் காந்தப்புலத்தால் தடுத்து வேகம் குறைக்கும் காந்தப்பாய், சேருமிட விண்மீனின் ஒளியையே பாயில் வாங்கிக்கொள்ளும் முறை ஆகியவை ஆய்வுக் கட்டுரைகளில் உள்ளன. அவற்றில் காந்தப்பாய் முறை எனக்கு நம்பிக்கை தருகிறது; இந்த வேகத்தில் யாரும் அதைச் சோதித்ததில்லை.

9. ஒளி வேகத்தில் போனால் வயதே ஏறாது என்று ஐன்ஸ்டைன் சொன்னாரே. அப்புறம் என்ன கவலை?

நேரம் மெதுவாவது உண்மை. ஆனால் அது பயன் தரும் அளவுக்கு நிகழ, ஒளிவேகத்தை மிகவும் நெருங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு வேகத்தில் 42 ஆண்டுப் பயணத்தில் கிடைக்கும் லாபம் இரண்டரை மாதம். ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டை எட்டினால் பூமியில் ஏழு ஆண்டு கழியும்போது கலத்தில் ஓராண்டு கழியும். அதற்கான ஆற்றல் 6ஆம் விடையில் சொன்னதைப்போல் 1,200 மடங்கு.

10. விண்வெளி வெற்றிடம்தானே, எதன் மேல் மோதப் போகிறது?

முழு வெற்றிடம் எங்கும் இல்லை. விண்மீன்களுக்கு இடையே ஹைட்ரஜன் அணுக்களும் நுண்தூசிகளும் மிக அரிதாகப் பரவியுள்ளன. நொடிக்கு 30,000 கி.மீ. வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசி மோதினால், ஏறக்குறைய 100 கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெடித்ததற்குச் சமமான ஆற்றல் வெளிப்படும். பெரும்பாலான தூசிகள் அதைவிட மிகமிகச் சிறியவை. ஆனால் 42 ஆண்டுகள் இடைவிடாமல் அவை முன்பக்கத்தை அரித்துக்கொண்டே இருக்கும். டேடலஸ் வடிவமைப்பாளர்கள் இதற்காக முன்னால் ஒரு பெரில்லியக் கவசம் வைத்தார்கள். கவசம் என்றால் எடை.

11. கதிர்வீச்சுக்கு ஈயத் தகடு அடித்துவிட்டால் போதுமே?

மருத்துவமனை எக்ஸ்-கதிர் அறைக்குப் பொருந்தும் தீர்வு அது. அண்டக் கதிர்கள் என்பவை ஒளிவேகத்தை நெருங்கி வரும் அணுக்கருக்கள். அவை ஈயம் போன்ற கனமான உலோகத்தில் மோதும்போது, உடைந்து சிதறும் துகள்களே புதிய கதிர்வீச்சாகிவிடும். ஹைட்ரஜன் செறிந்த நீரோ பாலித்தீனோ இதற்கு நல்லது. ஆனால் பருமனாக வேண்டும்.

கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). விண்வெளி வீரர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் 600 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது நாசாவின் வரம்பு. பதினோரு மாதங்களில் அந்த வரம்பு தீர்ந்துவிடும். 42 ஆண்டுகளில் 27,000 மில்லிசீவர்ட்டைத் தாண்டும். சூரியக் காற்றின் எல்லைக்கு வெளியே கதிர்கள் இன்னும் அடர்த்தியானவை என்பதை வாயேஜர்கள் நேரில் அளந்து சொல்லிவிட்டன. பூமியில் நம்மைக் காக்கும் காற்றின் எடை, தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து டன். அதே பாதுகாப்பை 10 மீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டைக் குடியிருப்புக்குத் தர 29,000 டன்னுக்கு மேல் நீர் வேண்டும்.

12. காற்றையும் தண்ணீரையும் மறுசுழற்சி செய்துகொள்ளலாம். விண்வெளி நிலையத்தில் செய்கிறார்கள்தானே?

நீரில் நல்ல முன்னேற்றம் இருக்கிறது. சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் ஆகியவற்றிலிருந்து 98 விழுக்காட்டு நீரை மீட்கும் நிலையை விண்வெளி நிலையம் 2023இல் எட்டியது. ஆனால் உணவு பூமியிலிருந்தே சரக்குக் கலங்களில் போகிறது. பழுதான பாகங்களுக்கு மாற்றும் அப்படியே போகிறது. இரண்டையும் வெளியிலிருந்து பெறாமல் மனிதக் குழு ஒன்று பல்லாண்டுகள் வாழ்ந்ததில்லை.

அதற்கு மிக அருகில் சென்ற முயற்சி அமெரிக்காவின் அரிசோனாவில் கட்டிய பயோஸ்ஃபியர் 2. மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே மழைக்காடு, சதுப்பு நிலம், சிறு கடல், வயல் எல்லாம் அமைத்து, 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே சென்று கதவை மூடிக்கொண்டார்கள். பதினாறு மாதங்களில் காற்றின் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டுக்கு அருகே இறங்கிவிட்டது. நான்காயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலையுச்சியில் கிடைக்கும் அளவு அது. உள்ளே இருந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டது. வேலை செய்ய மூச்சு போதவில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்த வேண்டியதாயிற்று.

காரணம் தெரிந்தபோதுதான் சிக்கலின் உண்மையான முகம் வெளிப்பட்டது. விளைச்சலுக்காக மண்ணில் இட்டிருந்த ஏராளமான மட்கை நுண்ணுயிர்கள் செரித்து ஆக்சிஜனை உண்டன. அப்போது வெளியான கார்பன் டை ஆக்சைடு செடிகளுக்குத் திரும்பிப் போயிருந்தால் ஆக்சிஜன் மீண்டிருக்கும்; அதில் பெரும்பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக்கிவிட்டது. சுவர் மூச்சை விழுங்கும் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் அழிந்தன. எறும்பும் கரப்பானும் பெருகின. எட்டுப் பேரும் நான்கு நான்காகப் பிரிந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகள், கதவுக்கு வெளியே பூமி இருந்தது, வெயிலும் மின்சாரமும் வெளியிலிருந்து வந்தன. எஞ்சினைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் அதைவிடக் கடினமான பாகம் இந்தக் காற்றுதான்.

13. எடையின்மையில் நாற்பது வருடம் இருக்க முடியுமா?

முடியாது என்றே கொள்ள வேண்டும். எடைதாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கின்றன, கண்பார்வையும் பாதிக்கப்படுகிறது. ஒரே பயணத்தில் மிக நீண்ட காலம் விண்வெளியில் இருந்த வலேரி பொல்யாகோவின் கணக்கே 437 நாட்கள்தான். கலத்தைச் சுழற்றிச் செயற்கை ஈர்ப்பு உண்டாக்கலாம். தலைசுற்றாத அளவுக்கு நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்று வைத்தால், பூமிக்குச் சமமான ஈர்ப்புக்கு 224 மீட்டர் ஆரம் தேவை. இதில் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. பருமனும் எடையும்தான் கூடும்.

14. உறைய வைத்துத் தூங்க வைத்துவிட்டால் சாப்பாடு, சண்டை எதுவுமே இல்லையே?

இதயத் துடிப்பு நின்று மீட்கப்பட்ட சில நோயாளிகளின் உடலை 32 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்து ஓரிரு நாட்கள் வைத்திருக்கிறார்கள். மருத்துவத்தின் இன்றைய எல்லை அதற்கு அருகில் உள்ளது. ஆர்க்டிக் தரை அணில் சுழியத்துக்குக் கீழே உடல்வெப்பம் இறங்கியும் பிழைக்கிறது. ஆனால் அதுவும் சில வாரங்களுக்கு ஒருமுறை விழித்து உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. முழுமையாக உறைய வைத்தால் பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்துவிடும்.

இதில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. நம் உடலில் இயல்பாக உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உடையது. ஒரு மனித உடலில் நொடிக்கு 4,000க்கும் மேற்பட்ட சிதைவுகள் நிகழ்கின்றன. உயிருள்ள அணு அந்தச் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும். உறைந்த அணுவால் முடியாது. 11ஆம் விடையில் சொன்ன அண்டக் கதிர்களையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்பதாண்டுக்கே இது கவலை தருவது; ஆயிரமாண்டுத் தூக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

15. அப்படியானால் தலைமுறை தலைமுறையாகக் கலத்திலேயே வாழட்டும். எத்தனை பேர் போக வேண்டும்?

மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. பிரெடரிக் மாரின், கமில் பெலூஃபி ஆகியோர் 2018இல் வெளியிட்ட கணிப்பின்படி, பார்க்கர் அளவு வேகத்தில் (நொடிக்கு ஏறக்குறைய 200 கி.மீ.) 6,300 ஆண்டுகள் செல்லும் கலத்துக்கு, திருமண உறவுகளைக் கண்டிப்பாக ஒழுங்குபடுத்தினால் 98 பேர் போதும். மானிடவியலாளர் கேமரன் ஸ்மித் 2014இல் சொன்ன எண் 14,000 முதல் 44,000 வரை. தொற்றுநோயோ விபத்தோ மக்கள்தொகையில் பெரும்பகுதியை அழித்துவிட்டாலும் மரபு வளம் எஞ்ச வேண்டும் என்று அவர் எண்ணியதே காரணம். எனக்கு ஸ்மித்தின் எச்சரிக்கையே சரியெனப் படுகிறது. 98 பேரில் பத்துப் பேர் இறந்தால் திட்டமே ஆட்டம் காணும்.

விண்வெளியில் மனிதக் குழந்தை எதுவும் இதுவரை கருவாகவோ பிறக்கவோ இல்லை. நடுவழித் தலைமுறையினர் தாம் கேட்காத ஒரு பயணத்தில் பிறந்து அதிலேயே இறப்பார்கள். அவர்களுக்காக இசைவு தரும் உரிமை யாருக்கு என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை.

16. குறுக்கு வழி, வார்ப் என்றெல்லாம் சொல்கிறார்களே?

வார்ப் என்பது கலத்துக்கு முன்னால் வெளியைச் சுருக்கி, பின்னால் விரித்து, ஒளியை முந்தும் யோசனை. இயற்பியலாளர் மிகேல் அல்குபியேர் 1994இல் காட்டியது, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் அத்தகைய வடிவத்தை அனுமதிக்கின்றன என்பதை. அதற்கு எதிர்மறை ஆற்றல் பெருமளவில் வேண்டும். அப்படித் திரட்டி வைக்கத்தக்க பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை.

17. போய்ச் சேர்ந்தால் அங்கே வாழ இடமாவது இருக்கிறதா?

பிராக்சிமாவைச் சுற்றி, பூமியின் எடையை ஒத்த கோள் ஒன்று இருப்பது 2016இல் அறிவிக்கப்பட்டது. நீர் திரவமாக இருக்கத்தக்க தொலைவில் 11.2 நாளில் அது ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் விண்மீன் அடிக்கடி சீறும் செங்குறுமீன் (சிறிய, மங்கிய சிவப்பு விண்மீன்) என்பதால் கோளின் காற்று எஞ்சியிருக்குமா என்பதே ஐயம். சேர்ந்த பின்னும் மூடிய குடிலில்தான் வாழ வேண்டியிருக்கலாம். 12ஆம் கேள்வி அங்கும் தொடரும்.

18. இப்போது புறப்படுகிறவர்களை நூறு வருடம் கழித்து வேகமான கலத்தில் வருபவர்கள் முந்திவிட மாட்டார்களா?

முந்தக்கூடும். ஆண்ட்ரூ கென்னடி 2006இல் இதை முறையாகக் கணக்கிட்டார். தொழில்நுட்ப வேகம் சீராக வளர்வதாகக் கொண்டால், காத்திருக்கும் காலமும் பயணக் காலமும் சேர்ந்து மிகக் குறைவாக அமையும் ஒரு புறப்பாட்டு நேரம் உண்டு. அதற்கு முன் புறப்பட்டவர் முந்தப்படுவார். அதற்குப் பின் புறப்படுபவர் முன்னவரைப் பிடிக்க முடியாது. வளர்ச்சி சீராக இருக்கும் என்பது எடுகோள்தான். இயந்திரங்களின் வேகம் அப்படி வளர்ந்ததற்கு 1970களுக்குப் பிந்தைய விண்வெளி வரலாறு நல்ல சான்று தரவில்லை.

முந்துபவர்கள் வழியில் பழைய கலத்தவரை ஏற்றிக்கொள்ளலாமே என்று அடுத்துக் கேட்பார்கள். ஏற்றிக்கொள்ள வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துப் பழைய கலத்துக்கு இணையாக வர வேண்டும். பிறகு புதிய ஆட்களின் எடையுடன் மீண்டும் வேகமெடுக்க வேண்டும். 8ஆம் விடையின் கணக்குப்படி அதற்கான எரிபொருளைப் புறப்படும்போதே சுமந்து வந்திருக்க வேண்டும் என்பதால், வானொலியில் வாழ்த்துச் சொல்லிக் கடந்துபோவதே அவர்களால் ஆகக்கூடியது.